கணிப்பொறி விளையாட்டும் வட்டின் கணக்குப் பிழையும்

இக்காலத்து இளைஞருள் கணிப்பொறி விளையாட்டை அறியாதார் மிகச் சிலரே. விளையாட்டுக்களைக் கடையிற் சென்று வாங்கும் வழக்கம் பெரும்பாலும் அருகி, வலையின் வழியே அவற்றை இறக்கிக்கொள்ளும் வழக்கம் எங்கும் பரவிவிட்டது. வால்வ் என்னும் அமெரிக்கக் கம்பெனியார் 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டீம் என்னும் நிலையம் இவ்வழக்கத்தை வளர்த்தவற்றுள் தலையாயது. இங்ஙனம் இறக்கும்போது, பாதி வழியிலோ முக்கால் வழியிலோ வேலை நின்று, 'டிஸ்க் ரைட் எரர்', அஃதாவது வட்டில் எழுதுங்கால் நேர்ந்த பிழை, என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றுவதுண்டு. அதனைக் கண்ட மாணவர் மீண்டும் பொத்தானை அழுத்துவர். மீண்டும் வேலை நிற்கும். சிலர் விளையாட்டைக் குறைகூறுவர். சிலர் பொறுமையிழந்து வட்டு முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவர். அப்பிழை எங்கே பிறக்கிறது, விளையாட்டை இறக்கும் வேளையில் அது தோன்றுவதன் காரணம் என்ன, அதனைத் தீர்க்கும் முறையில் எது முன் எது பின் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெரும்பாலோர் கையாளும் விண்டோஸ் என்னும் இயக்க முறையையும் மேற்கூறிய ஸ்டீம் நிலையத்தையுமே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

வட்டும் பேரேடும்

முதற்கண் கோப்பு முறைமை என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். ஒரு பெரிய பண்டகசாலையை மனத்திற் கொள்க. அதன்கண் ஒரே அளவான அறைகள் கோடிக்கணக்கில் உள்ளன. வரும் சரக்கு அவ்வறைகளில் அடுக்கப்படும். எந்தச் சரக்கு எந்தெந்த அறைகளில் இருக்கிறது, எவ்வறைகள் வெறுமையாய் உள்ளன என்பதைக் காட்டப் பேரேடு ஒன்று உண்டு. பேரேடு இல்லையேல் சரக்கு இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். வட்டே அப்பண்டகசாலை, கோப்புக்களே சரக்கு, பேரேடும் அதனை எழுதும் விதிகளும் சேர்ந்ததே கோப்பு முறைமை எனப்படும்.

அவ்விதிகள் பல வகைப்படும். 1977-ஆம் ஆண்டிற் பிறந்த ஃபாட் என்னும் முறைமை மிக எளியது. அதன் வழித்தோன்றலாகிய ஃபாட் 32, 1996-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1993-ஆம் ஆண்டில் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த என்.டி.எஃப்.எஸ். என்பதே இன்றும் விண்டோஸ் கணிப்பொறிகளில் வழங்குவது. கையடக்கமான புறவட்டுக்களுக்கு உகந்ததாய் 2006-ஆம் ஆண்டில் எக்ஸ்ஃபாட் என்பது தோன்றிற்று.

இவற்றுள் என்.டி.எஃப்.எஸ்.ஸுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. நம் வணிகர் நாள்வழி என்றும் பேரேடு என்றும் இருவகைக் கணக்கு வைத்திருந்ததை யாவரும் அறிவர். அம்முறையே, என்.டி.எஃப்.எஸ். பேரேட்டை மாற்றுமுன், 'இன்ன மாற்றம் செய்யப் போகிறேன்' என்று நாள்வழியிற் குறித்துக்கொள்ளும். இடையே மின்சாரம் நின்றாலும், மறுமுறை எழுந்தவுடன் நாள்வழியைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளும். ஃபாட், எக்ஸ்ஃபாட் என்பவற்றுக்கு அத்தகைய நாள்வழி இல்லை. ஆகலின், புறவட்டை முறைப்படி விடுவியாது திடீரெனப் பிடுங்கினால் அவற்றின் பேரேடு எளிதிற் குழம்பும். எனினும், என்.டி.எஃப்.எஸ்.ஸின் நாள்வழி பேரேட்டின் மாற்றங்களை மட்டுமே காக்கும். சரக்கை, அஃதாவது கோப்பின் உள்ளடக்கத்தைக் காவாது. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்தல் வேண்டும். பின்னே அது பெரிதும் பயன்படும்.

விளையாட்டின்போது தோன்றுவதேன்

வேறு எவ்வேலையிலும் தோன்றாத பிழை விளையாட்டை இறக்குங்கால் தோன்றுவதற்குத் தக்க காரணங்கள் உள. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3 என்னும் விளையாட்டுக்கு 150 ஜிகாபைட் இடம் வேண்டுமென அதன் ஆக்கியோரே குறித்துள்ளனர். என்.டி.எஃப்.எஸ்.ஸில் பொதுவாக ஓர் அறையின் அளவு 4,096 பைட். இக்கணக்கின்படி அவ்வொரு விளையாட்டே ஏறத்தாழ 3 கோடியே 66 லட்சம் அறைகளை நிரப்புகிறது. கடிதமும் கட்டுரையும் எழுதுகின்ற ஒருவர் பல்லாண்டுகளிலும் நிரப்பாத இடத்தை விளையாட்டு ஓரிரவில் நிரப்பிவிடுகிறது. அதனால், வாங்கிய நாள்முதல் எவரும் தீண்டாத மூலைகளும் அன்றுதான் முதன்முறையாகச் சோதிக்கப்படுகின்றன.

இரண்டாவது, வேலை இடைவிடாது நிகழ்கிறது. மணிக்கணக்கில் ஓயாது எழுதும்போது வட்டு சூடேறுகிறது. தளர்ந்த கம்பியும் வலிமை குன்றிய மின்னூட்டமும் தம் குறையை அப்போது வெளிப்படுத்துகின்றன.

மூன்றாவது காரணமே தலைசிறந்தது. ஸ்டீம் ஒரு விளையாட்டைப் பெரும்பாலும் 1 மெகாபைட்டுக்கு மேற்படாத சிறு துண்டுகளாக்கி அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போன்றதோர் எண் கணிக்கப்பட்டுள்ளது. வந்த துண்டின் எண்ணும் அனுப்பிய துண்டின் எண்ணும் ஒத்தால் மட்டுமே அஃது ஏற்கப்படும். ஓர் எழுத்து மாறினும் மாற்றம் வெளிப்பட்டுவிடும். நாம் வட்டில் வைக்கும் புகைப்படத்துக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் இத்தகைய காவல் பெரும்பாலும் இல்லை. அவை பழுதுற்றால், என்றோ ஒருநாள் திறக்கும்போதுதான் தெரியவரும்.

இதனால் பெறப்படுவது யாது? விளையாட்டு பெரும்பாலும் பிழையைப் பிறப்பிப்பதன்று. முன்னரே இருந்த பிழையைக் காட்டிக்கொடுப்பதே அது. வீட்டின் ஓர் அறையில் கறையானைக் கண்டவன் அவ்வறைக் கதவை மட்டும் மாற்றிவிட்டு உறங்கமாட்டான். அதுபோல, விளையாட்டு நின்றதென்றால், அவ்வட்டிலேயே இருக்கும் பிற பொருள்களைப்பற்றிக் கவலை கொள்ளுதலே அறிவுடைமை.

பிழையின் மூவகை

திரையில் தோன்றும் அறிவிப்பு ஒன்றேயாயினும் அதன் காரணங்கள் மூவகைப்படும். அவற்றைப் பிரித்தறியாது மருந்திடுவது வீண்.

முதல்வகை, தடையால் வருவது. வட்டில் இடமின்மை, அவ்விடத்தில் எழுத உரிமையின்மை, நச்சு நிரல்களைத் தடுக்கும் காவல் நிரல் விளையாட்டின் கோப்பைப் பிடித்துவைத்தல் ஆகியன இதில் அடங்கும். 2017-ஆம் ஆண்டில் விண்டோஸ் 10-இல் சேர்க்கப்பட்ட ஒரு காவல், அறிமுகமில்லாத நிரல்கள் குறித்த கோப்புறைகளில் எழுதுவதைத் தடுக்கவல்லது. அது திறந்திருப்பின் விளையாட்டுக்களும் தடைப்படுவதுண்டு. ஃபாட் 32 முறைமையில் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டுக்கு மேல் வளரவே இயலாது. விளையாட்டின் பெருங்கோப்புக்கள் அவ்வெல்லையைக் கடக்கும்போது, வட்டில் எவ்வளவு இடமிருப்பினும் எழுத்து நின்றுவிடும். இவ்வகையில் வட்டும் பேரேடும் பழுதற்றவையே.

இரண்டாம்வகை, பேரேட்டில் உள்ள பிழை. ஓரறை இருவேறு கோப்புக்களுக்கு உரியதெனக் குறிக்கப்பட்டிருக்கலாம். சரக்குள்ள அறை வெறுமையென எழுதப்பட்டிருக்கலாம். ஒரு கோப்பின் பெயர் இருந்து, அதன் விவரம் இல்லாதிருக்கலாம். மின்சாரம் அறுதலும், புறவட்டைப் பிடுங்குதலும், கணிப்பொறி நடுவே உறைந்து நிற்றலும் இதற்கு வாயில்களாம். கோப்பு முறைமைப் பிழையெனச் சிறப்பாக வழங்குவது இதுவே.

மூன்றாம்வகை, வட்டின் உடலில் உள்ள நோய். அறையின் சுவரே இடிந்துவிட்டது என்க. சுழலும் வட்டில் மேற்பரப்பு தேய்தலும், சில்லால் ஆகிய வட்டில் நினைவணுக்கள் ஆற்றல் இழத்தலும் இதன்பாற்படும். மற்றொரு கொடுமையும் உண்டு. சந்தையில் மலிவாய் விற்கப்படும் போலி யு.எஸ்.பி. குச்சிகள் சில, தம் உண்மையான கொள்ளளவைப் பன்மடங்கு மிகைப்படுத்திக் கூறும். உண்மை அளவு நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காய் நடைபெறும். அதன்பின் எழுதுவதெல்லாம் மறைந்துபோகும், அல்லது முன்பு எழுதியதன்மேற் படியும். பேரேட்டில் இருக்கும் அறைகள் பண்டகசாலையில் இல்லாத கதை அது.

நோயை நாடும் வழி

இம்மூன்றையும் பிரித்தறியக் கருவிகள் கணிப்பொறியிலேயே உள்ளன. ஸ்டீம் நிறுவப்பட்ட கோப்புறையில் 'லாக்ஸ்' என்றோர் உட்கோப்புறை உண்டு. அதிலுள்ள 'கன்டென்ட் லாக்' என்னும் கோப்பைத் திறந்து கடைசி வரிகளைப் படித்தால், எந்தக் கோப்பை எழுதும்போது வேலை நின்றது என்பது பெரும்பாலும் விளங்கும். எப்போதும் ஒரே கோப்பில் நின்றால், காவல் நிரலின் தடையோ அக்கோப்பின் பழுதோ காரணமாகலாம். ஒவ்வொரு முறையும் வேறுவேறு கோப்பில் நின்றால், வட்டையோ கம்பியையோ ஐயுறுக.

விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்றொரு நிகழ்ச்சிப் பதிவேடு உளது. அதன் 'சிஸ்டம்' என்னும் பகுதியில், என்.டி.எஃப்.எஸ். என்னும் பெயரால் 55 என்ற எண்ணுடைய குறிப்பு இருப்பின், பேரேடு குழம்பியுள்ளது எனக் கொள்க. 'டிஸ்க்' என்னும் பெயரால் 7 என்ற எண்ணுடைய குறிப்பு இருப்பின், வட்டில் பழுதுற்ற பகுதி உண்டென்பது பொருள். இவ்விரண்டுமே இல்லையாயின் முதல்வகைத் தடையை முதலில் நாடுக.

மேலும், வட்டுக்கள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்னும் ஏற்பாடு உண்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற நிரலால் அதனைப் படிக்கலாம். சாட்டா வகை வட்டுக்களில் 5 என்ற எண்ணுள்ள வரி, பழுதுற்று மாற்றிடம் அளிக்கப்பட்ட பகுதிகளைக் காட்டும்; 197 என்ற வரி, படிக்க முடியாது தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகளைக் காட்டும். இவ்வெண்கள் நாளுக்குநாள் ஏறினால் வட்டு இறுதிக்காலத்தை நெருங்குகிறது என்று துணியலாம். 199 என்ற வரி ஏறினாலோ, குறை பெரும்பாலும் கம்பியில் உள்ளது. சில ரூபாய்க்குக் கம்பியை மாற்றினால் தீர்ந்துவிடும் நோய்க்காக வட்டையே எறிந்துவிடலாகாது. இவை யாவும் நலமாயிருந்தும் துண்டுகள் பழுதென்றே அறிவிப்பு வருமாயின், கணிப்பொறியின் தற்காலிக நினைவகத்தையும் விண்டோஸில் உள்ள நினைவகச் சோதனையால் ஆராய்தல் நலம். நினைவகத்திற் கெட்ட துண்டு வட்டைச் சேருமுன்பே கெட்டதாகும்.

தீர்க்கும் முறை

இனிப் பரிகாரத்துக்கு வருவோம். எதனையும் திருத்தப் புகுமுன், அவ்வட்டிலுள்ள ஈடு செய்யவியலாப் பொருள்களை வேறொரு வட்டிற் படியெடுத்தலே முதற்பணி. விளையாட்டை எத்தனை முறையும் மீண்டும் இறக்கலாம். அதற்கு மூலம் வேறிடத்தில் உண்டு. ஈராண்டு உழைத்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைக்கும், மறைந்த பாட்டியாரின் புகைப்படத்துக்கும் அந்த வட்டே மூலம். திருத்தும் கருவி சில வேளைகளில் இருப்பதையும் வெட்டிவிடும். நோயுற்ற வட்டு திருத்தும் உழைப்பிலேயே உயிர்விடவும் கூடும். ஆதலின் படியெடுத்தல் முன், திருத்துதல் பின் என்னும் விதியை ஒருபோதும் மாற்றலாகாது.

படியெடுத்தபின் தடைகளை நீக்குக. விளையாட்டின் அளவுக்கு மேலும் தாராளமாக வெற்றிடம் உண்டாவென நோக்குக. பழைய கோப்பைப் புதுப்பிக்குங்கால் பழையதும் புதியதும் சிறிது நேரம் ஒருங்கே இருக்க நேரிடுவதால் இரட்டை இடம் வேண்டப்படுவதுண்டு. ஸ்டீமின் அமைப்புக்களில் 'ஸ்டோரேஜ்' என்னும் பகுதியில் கோப்புறையைப் பழுதுபார்க்கும் கட்டளை உள்ளது. அது பெரும்பாலும் உரிமைச் சிக்கலைத் தீர்க்கும். காவல் நிரலில் ஸ்டீமின் கோப்புறைக்கு மட்டும் விலக்களிக்கலாம். காவலை முற்றிலும் அணைத்துவைத்தல் தகாது. வட்டு ஃபாட் 32 ஆக இருப்பின், 'கன்வெர்ட்' என்னும் கட்டளையால் உள்ளிருப்பதை அழிக்காமலே என்.டி.எஃப்.எஸ். ஆக மாற்றலாம்.

பேரேட்டுப் பிழைக்கு விண்டோஸ் அளிக்கும் மருந்து 'செக்டிஸ்க்' என்பது. ஸ்டீமை முற்றிலும் மூடியபின், மேலாளர் உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, செக்டிஸ்க் என்னும் கட்டளையையும் வட்டின் எழுத்தையும் இட்டு, சாய்கோட்டுடன் எஃப் என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்து இயக்குக. அது முதலில் கோப்புக்களின் பதிவுகளையும், அடுத்துப் பெயர்களுக்கும் பதிவுகளுக்கும் உள்ள தொடர்பையும், மூன்றாவதாக உரிமைக் குறிப்புக்களையும் ஒத்துப் பார்த்துத் திருத்தும். விண்டோஸே குடியிருக்கும் வட்டாயின், உடனே திருத்த இயலாதென்றும், கணிப்பொறி மறுமுறை எழும்போது திருத்தலாமா என்றும் வினவும். ஆம் என விடையிறுத்து மீண்டும் தொடங்குக. நடுவே நிறுத்தலாகாது, மடிக்கணிப்பொறியாயின் மின்னிணைப்பில் இருத்தல் வேண்டும்.

எஃப் என்பதற்குப் பதிலாக ஆர் என்னும் எழுத்தை இட்டால், மேற்கூறிய மூன்றோடு இன்னும் இரு படிகள் நிகழும். கோப்புக்கள் உள்ள அறைகளும் வெற்றறைகளும் ஒன்றொன்றாகப் படித்துச் சோதிக்கப்பட்டு, பழுதானவை இனி எவரும் புகாதபடி அடையாளமிடப்படும். இது பல மணிநேரம் பிடிக்கும் வேலை. வட்டு முழுவதையும் உழைக்கச் செய்வது. ஆகலின், ஸ்மார்ட் எண்கள் வட்டின் நோயைக் காட்டியிருப்பின், படியெடுக்குமுன் இதனை இயக்குவது, மூச்சு வாங்கும் நோயாளியை மலையேறச் சொல்வது போலாகும்.

வேலை முடிந்தபின் 'ஃபௌண்ட்' என்னும் பெயருடைய கோப்புறை ஒன்று தோன்றியிருக்கலாம். உரிமையாளர் இன்னாரெனத் தெரியாத துண்டுகளைக் கருவி அதன்கண் சேர்த்துவைக்கும். லினக்ஸ் முறையினர் கையாளும் 'எஃப்.எஸ்.சி.கே.' என்னும் கருவியும் இவ்வாறே, காணாமற்போய்க் கிடைத்தவற்றுக்கெனத் தனிக் கோப்புறை வைத்துள்ளது. அக்கருவியையும் வட்டை இணைப்பினின்று விடுவித்த பின்னரே இயக்குதல் வேண்டும்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன வேறுபாட்டை ஈண்டுக் கருதுக. செக்டிஸ்க் பேரேட்டைச் சீராக்குவதேயன்றிச் சரக்கைச் சீராக்குவதன்று. பேரேடு பண்டகசாலையோடு ஒத்துவிட்டது என்பதனால், மூட்டைக்குள் இருக்கும் நெல் உளுக்கவில்லை என்று துணிய முடியாது. ஆகவே, ஸ்டீமில் விளையாட்டின் பண்புகளைத் திறந்து, நிறுவிய கோப்புக்களைச் சரிபார்க்கும் கட்டளையை இடுக. அது ஒவ்வொரு கோப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டு, பழுதானவற்றை மட்டும் மீண்டும் இறக்கும். அதன்பின்னும் வேலை நின்றால், 'ஸ்டீம் ஆப்ஸ்' என்னும் கோப்புறையில் 'டவுன்லோடிங்' என்ற பெயரால் அரைகுறையாய்க் கிடப்பவற்றை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கலாம். நம் சொந்தக் கோப்புக்களுக்கோ இத்தகைய ஒப்பீடு இல்லை. அவற்றை நாமே திறந்து பார்த்தல் வேண்டும்.

வட்டைக் கைவிடும் காலம்

திருத்திய சில நாட்களில் அதே பிழை மீண்டும் வருமாயின், பேரேட்டைக் கெடுப்பது பிறிதொன்று எனத் தெளிக. கம்பியையும் இணைப்புத் துளையையும் மாற்றிப் பார்த்தும் பயனின்றேல், 5, 197 என்னும் வரிகள் ஏறிக்கொண்டே இருப்பின், வட்டைக் கைவிடுதலே முறை. சிலர் விரைவு ஃபார்மாட் செய்துவிட்டு நோய் தீர்ந்தது என்பர். அது பழைய பேரேட்டை நீக்கிப் புதிய ஏடு தைப்பது மட்டுமே. இடிந்த சுவரை எழுப்பாது. முழு ஃபார்மாட் வட்டு முழுவதையும் எழுதிப் பார்க்குமாதலின் சோதனையாகப் பயன்படும். ஆயினும் அதுவும் தேய்ந்த வட்டை இளமையாக்காது. 'விளையாட்டுக்குத்தானே' என்று அவ்வட்டை வைத்துக்கொள்வோரும் உளர். தீங்கில்லை; ஆனால் வேறெதனையும் அதில் வையாதிருக்கும் உறுதி வேண்டும். அவ்வுறுதி நெடுநாள் நிற்பது அரிது.

வருமுன் காக்கும் வழிகள் எளியன. புறவட்டை முறைப்படி விடுவித்த பின்னரே எடுக்க. அடிக்கடி மின்சாரம் அறும் ஊர்களில் மேசைக் கணிப்பொறிக்கு மின்சேமிப்புக் கருவி வைக்க. வட்டை முற்றும் நிரப்பாது சிறிது வெற்றிடம் விடுக. புதிதாய் வாங்கிய குச்சியையோ வட்டையோ, நம்பி ஒப்படைக்குமுன், எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற நிரலால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதிக்க. போலியாயின் அன்றே வெளிப்படும். எல்லாவற்றினும் மேலாக, ஒப்பற்ற பொருள்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படிகளை வெவ்வேறிடங்களில் வைக்க.

நிறுத்தாமல் எழுதி, எழுதியதை ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்து, பொழுதுபோக்குக்காக இறக்கப்படும் விளையாட்டு, நாம் கேளாமலே நம் வட்டைச் சோதித்துத் தருகிறது. அதன் எச்சரிக்கையைத் தடையெனக் கருதிச் சினந்து, பொத்தானையே மீண்டும் மீண்டும் அழுத்துவோர் விளையாட்டை ஒருவேளை பெறுவர். அதனினும் அரியதை இழக்கவும் கூடும். எச்சரிக்கையை மதித்து, முதலில் காத்து, பின்பு ஆராய்ந்து, அதன்பின் திருத்துவோர் இரண்டையும் பெறுவர். மாணவ அன்பர்கள் இம்முறையை மேற்கொண்டு, இன்றே தம் கட்டுரைகளுக்கு ஒரு படியெடுத்து வைப்பார்களாயின், இக்கட்டுரை பயனுடையதாகும்.